கேட் போட்டிருக்கிறது

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருக்கிறது.
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறார்களாம்.
இன்னும் இருபது நிமிடம் என்கிறார் கடலைக்காரர்,
கால்மணி முன்பும் அதையே சொன்னவர்.

பையில் என் நான்காம் அத்தியாயம்.
தடுப்பைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் இல்லாத எலக்ட்ரான்
தடுப்புக்கு அந்தப் பக்கம் காணப்படுவது பற்றி
அறுபத்திரண்டு பக்கம்.
நெறியாளர் கடைசிப் பக்கத்தில்
சிவப்பு மசியில் ஒன்றுதான் கேட்டிருக்கிறார்:
"உள்ளே எவ்வளவு நேரம் இருந்தது?"

முன்னால் ஒருவன் பல்சரைச் சாய்த்து
தலையைத் தாழ்த்தி
கேட்டுக்கு அடியில் நுழைந்து போகிறான்.
அது இது இல்லை, தம்பி.
உனக்கு அடி என்று ஒன்று இருந்தது, குனிந்தாய்.
அதற்கு மேலே வழியில்லை, கீழே வழியில்லை, ஓட்டையும் இல்லை.
சுவருக்குள் மங்கிக்கொண்டே போகும் ஒரு சாத்தியம்,
அவ்வளவுதான்.
முழுக்க அணைவதற்குள் சுவர் முடிந்தால்
அந்தப் பக்கம் கொஞ்சம் மிஞ்சும்.

மூணாறு தலைப்பு பக்கத்தில்தான்.
வெண்ணாறு வந்து முட்டி
கோரையாறு, பாமணியாறு எனக் கிளை விடும் இடம்.
லஸ்கர் சவரிமுத்து விடியலில் அளவுகோல் பார்த்து
எதில் எத்தனை கன அடி என்று நோட்டில் ஏற்றுவார்.
மூன்றையும் கூட்டினால் வந்த தண்ணீர் வர வேண்டும்.
வராவிட்டால்
இரவில் யாரோ ஷட்டரைத் தொட்டிருக்கிறார்கள்.

முதலாண்டுக் கருத்தரங்கில்
இதைத்தான் உவமையாகச் சொன்னேன்,
இரட்டைப் பிளவுச் சோதனைக்கு.
பின்வரிசையிலிருந்து நூர்ஜமீலா எழுந்தாள்:
"தண்ணீர் பங்காகப் பிரியுது.
பாதி எலக்ட்ரான் எந்தத் திரையிலயாவது விழுந்திருக்கா?"

விழுந்ததில்லை.
இரண்டு மதகையும் அறிந்துதான் வருகிறது,
இறங்குவதோ ஒரே வயலில்,
ஒரு புள்ளியாக, முழுசாக.
எந்த வயல் என்று முன்கூட்டிச் சொல்ல
எந்த லஸ்கராலும் முடியாது.
லட்சம் தடவை திறந்துவிட்டால்
வரிவரியாகத் தெரியும் யாருக்கு எவ்வளவு என்று.
அதுவரை கடைமடைக்காரர் என்ன செய்வார்?
மறியல்தான்.

அன்றோடு 'போல' என்ற சொல்லை விட்டேன்.
அத்தியாயத்தில் தேடிப் பாருங்கள், ஒன்றுகூட இல்லை.
என்ன படிக்கிறாய் என்று அய்யாரப்பன் மாமா கேட்டபோது
உவமை சொல்லாமல்
"கரண்டு" என்றேன்.
"அப்ப பம்புசெட்டுக்கு த்ரீ ஃபேஸ் எப்ப வரும்?"

எவ்வளவு நேரம்?
எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை.
வரிசையில் சேர்ந்த கணத்திலிருந்தா,
முன்சக்கரம் கோட்டைத் தொட்டதிலிருந்தா?
காத்திருந்து சலித்துத் திரும்பிப் போனவர்களையும்
கணக்கில் சேர்ப்பதா?
ஒரு வழி இருக்கிறது:
தடுப்புக்குள் மட்டும் ஒரு மெல்லிய காந்தப்புலம் வைப்பது.
வெளியே வந்த எலக்ட்ரானின் தற்சுழற்சி
எத்தனை பாகை திரும்பியிருக்கிறதோ
அத்தனை நேரம் அது உள்ளே இருந்தது.
உள்ளே மட்டும் ஓடும் கடிகாரம்.

"பொட்டலம் பத்து, பொட்டலம் பத்து..."
கூடையில் காலையில் நாற்பது வைத்தாராம்.
இப்போது பதினொன்று.
கேட் திறந்திருக்கும்போது ஒன்றுகூட விற்காது,
யார் நிற்கிறார்கள்?

பென்சிலை எடுத்து
சிவப்புக் கேள்விக்குப் பக்கத்தில்
'கடலை' என்று எழுதிவிட்டேன்.
எழுதியது கொஞ்சம் வெட்கமாக இருந்தது,
அழிக்கவில்லை.

ரயில் போகிறது. மணி நிற்கிறது.
கேட் முழுக்க எழும்புவதற்குள்
இந்தப் பக்கம் முழுச்சாலை, அந்தப் பக்கம் முழுச்சாலை
நேருக்கு நேர் புகுந்து
நடுத் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கின்றன.
எல்லாரிடமும் போதிய ஆற்றல் இருக்கிறது,
தடுப்பு இல்லை,
ஒருவரும் கடக்கவில்லை.

"இன்னொரு பொட்டலம் குடுங்க" என்றேன்.
"கேட் தூக்கியாச்சும்மா" என்றவர்
கூடையை மூடப் போய்,
சாலையைப் பார்த்துவிட்டு
மறுபடி திறந்தார்.